பொம்மைக்கு வைத்த அளவு

மண்ணூர்,
10.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

குழலி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. மூன்று வருஷமாக என் நம்பரை பிளாக்கில் வைத்திருக்கிறாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மனசு வராது என்றுதான் நீ வேலை செய்யும் ஸ்கேன் சென்டர் விலாசத்துக்கே ஸ்பீட் போஸ்ட் போடுகிறேன்.

நான் முழுகாமல் இருக்கிறேன். பதினாறு வாரம். இதை அம்மா சொல்லியிருப்பாள். இனி எழுதப்போவது அம்மாவுக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

ஒரகடத்தில் ஸ்கேன் மெஷின் செய்யும் கம்பெனியில் ஒன்றரை வருஷமாக இருக்கிறேன். உங்கள் டாக்டரம்மா வயிற்றின் மேல் வைத்து நகர்த்துவாரே, அந்த ப்ரோப் எங்கள் லைனில் தயாராகிறது. 3டி ப்ரோப். உள்ளே ஒரு குட்டி மோட்டார் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். அது துண்டு துண்டாக எடுக்கிற படங்களை மெஷின் அடுக்கி முகமாகக் காட்டும். நான் கடைசி டெஸ்டிங்கில். ஒரு தொட்டியில் ஜெல்லுக்குள் ரப்பர் பொம்மை ஒன்று கிடக்கும். லைனில் அதற்குப் பேர் பாப்பா. ப்ரோப்பை வைத்தால் பாப்பாவின் முகம் கோடு இல்லாமல், ஓட்டை இல்லாமல் திரையில் வரவேண்டும். வந்தால் பாஸ். ஒரு ஷிப்ட்டுக்கு நாற்பது தடவை அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பார்ட்ஸ் வராமல் லைன் நின்றது. சூப்பர்வைசர் ஸ்டோருக்குப் போனார், மற்றவர்கள் டீக்குப் போனார்கள். ரப்பரை நாற்பது தடவை பார்க்கிறோமே, நம் வயிற்றில் இருப்பதை ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன என்று தோன்றியது. புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. யூனிஃபார்ம் கோட்டைத் தூக்கி, ஜெல்லைத் தடவி, வைத்துவிட்டேன். மெஷினில் எதையும் தொடவில்லை. பாப்பாவுக்கு இருந்த அதே செட்டிங்.

முகம் வந்தது அக்கா. நெற்றி வந்தது, கண் வந்தது. இடது பக்கம் உதட்டிலிருந்து கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஒன்றுமே இல்லை. கறுப்பாக ஓட்டை. ப்ரோப்பை எடுத்துவிட்டு இன்னொரு தடவை வைத்தேன். அப்போதும் அதே இடத்தில் ஓட்டை.

யாரிடம் கேட்பேன்? பதிவு இல்லாத இடத்தில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் வைத்தால் போலீஸ் கேஸ் என்று டிரெய்னிங்கில் முதல் நாளே சொன்னார்கள். வேலை போனால்கூடப் பரவாயில்லை. நீ பதினாலு வருஷமாக அந்த ரூமில் நிற்கிறாய். இந்த மாதிரி ஓட்டை என்றால் என்ன அர்த்தம்? பிழைக்குமா? பதில் போடு. இந்த வாரமும் அடுத்த வாரமும் எனக்கு மதிய ஷிப்ட். போஸ்ட்மேன் வரும்போது நான்தான் வீட்டில் இருப்பேன்.

உன் தங்கை,
குழலி


திருவண்ணாமலை,
15.10.2025

ஏலவார்குழலிக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டரம்மா எதிரிலேயே பிரித்துவிட்டேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

கர்ப்பிணியின் வயிற்றில் ப்ரோப் வைக்க டாக்டருக்குப் பதிவு வேண்டும், ரூமுக்குப் பதிவு வேண்டும், மெஷினுக்குப் பதிவு வேண்டும். ஒவ்வொருத்திக்கும் நான் அரசாங்கத்துக்கு F படிவம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். நீ டீ நேரத்தில் கோட்டைத் தூக்கிக்கொண்டு பார்த்தாயாம். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான் இது.

என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்கிறாய். நான் டாக்டர் இல்லை. ஜெல் தடவுகிறவள், படிவம் எழுதுகிறவள். என் குழந்தை பதினோராம் நாள் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் நீ என்ன கேட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "அந்த ரூம்லயே நாள் பூரா நின்னுகினு கீறியே, உன் புள்ளைக்கு இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியலையாக்கா?" இதைத்தான் கேட்டாய். தன் குழந்தைக்கே பார்க்கத் தெரியாதவளிடம் உன் குழந்தையைப் பற்றிக் கேட்கிறாய்.

இருபதாம் வாரத்துக்குள் முறையாக ஸ்கேன் பார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
செங்கமலம்


மண்ணூர்,
22.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது. சொன்ன அடுத்த நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய், மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அப்புறம் நாளாக ஆகக் கூச்சமும் கூடிக்கொண்டே போயிற்று. இப்போது கேட்கிறேன். என் தேவைக்காகக் கேட்கிறேன் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். அந்த ப்ரோப் பேக்கிங்குக்குப் போகாமல் ரேக்கிலேயே இருந்தது. பாஸ் போட்டவள் நான்தான். அது கெட்டுப்போனதாக இருக்கட்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு மறுபடி பாப்பாவின் மேல் வைத்தேன். கெட்டிருந்தால் பாஸ் போட்ட என்மேல் பழி வரும், வந்தால் வரட்டும் என்றுதான் இருந்தேன். பாப்பாவின் முகம் இமை வரைக்கும் சுத்தமாக வந்தது அக்கா. ஒரு கோடு இல்லை. எந்த டெஸ்டரும் தன் ப்ரோப் பாஸ் ஆனதற்கு அப்படி அழுதிருக்க மாட்டாள். ப்ரோப் சரி என்றால் கோளாறு குழந்தையிடம்தானே?

மாமியார் வேறு. செப்டம்பர் ஏழாம் தேதி கிரகணம் பிடித்ததே, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை OT. போகாதே என்றார். ஆள் குறைவு, போகாமல் இருக்க முடியாது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது நிலாவைப் பாதி பிடித்திருந்தது. நேற்றுகூட, "கிரகணத்துல வெளிய வந்தா புள்ளைக்கு ஒதடு மூளியாப் பூடும்னு சொன்னேன், கேட்டியா நீ?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். சும்மாதான் சொல்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குக் கையில் இருந்த டம்ளர் நழுவிவிட்டது.

இவர் இருக்கிறாரே டில்லிபாபு, அவர் போனில் குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வாராவாரம் சொல்கிற ஏதோ ஆப் போட்டு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைப் பார்த்து, "இந்த வாரம் கொடமொளகா சைசுடி" என்கிறார். அடுத்த வாரம் மாங்காயாம். இருங்காட்டுக்கோட்டையில் அவர் லைனில் இருப்பவர்களுக்கெல்லாம் வாராவாரம் காய்கறி சொல்கிறாராம். இந்த மனுஷனிடம் நான் என்னவென்று சொல்வேன்?

உனக்கு ஏதாவது தெரிந்திருந்தால் சொல். நல்லதோ கெட்டதோ, தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

குழலி


திருவண்ணாமலை,
27.10.2025

குழலிக்கு,

கிரகணத்தைப் பற்றி முதலில். குழந்தைக்கு மேலுதடு சேர்வது இரண்டாம் மாதத்தில். உன்னுடைய கிரகணம் வந்தது மூன்றாம் மாதத்தில். ஆகவே நிலாவின்மேல் பழி போட வழியில்லை என்று உன் மாமியாரிடம் சொல். சொல்லாதே, சொன்னால் ஏன் உதட்டைப் பற்றிப் பேசுகிறாய் என்பார்.

நீ மன்னிப்புக் கேட்டதை நான்கு தடவை படித்தேன். மனசு ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உனக்குச் சில விஷயம் தெரியாது. என் குழந்தையை ஸ்கேன் பார்த்தபோது எங்களிடம் பழைய மெஷின். தட்டையாக, சாம்பல் நிறத்தில், வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கிக் காட்டுவது போல ஒவ்வொரு துண்டாகத்தான் தெரியும். துண்டுகளை மனசுக்குள் ஒட்டி இது கை, இது இதயம் என்று டாக்டரம்மாதான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்குக் குழந்தை குப்புறக் கிடந்தது. இதயம் சரியாகக் கிடைக்கவில்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். நான்தான், கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். வேறு பெண்களுக்கு ஜெல் தடவிக்கொண்டிருந்தேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. உன் கேள்விக்கு இதுதான் பதில். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் மாமாவிடம்கூட.

மறு வருஷம் 3டி மெஷின் வந்தது. சென்டரில் எல்லோருக்கும் லட்டு. ஒரு குழந்தை கொட்டாவி விடுவதைத் திரையில் பார்த்து அதன் அம்மா சிரித்தாள். நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அதனால்தான் சொல்கிறேன், தள்ளிப் போடாதே. காஞ்சிபுரத்தில் டாக்டர் கவிப்பிரியா என்று ஒருவர் இருக்கிறார். கர்ப்பத்துக் குழந்தைக்கென்றே படித்தவர். எங்கள் டாக்டரம்மாவின் சிநேகிதி. அவரிடம் போ. நீ பார்த்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒன்று சொல்லி வேறொன்று ஆனால் அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம்.

செங்கமலம்


மண்ணூர்,
31.10.2025

அக்கா,

நீயே எதுவும் சொல்லமாட்டேன் என்கிறாய் என்றால் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

டாக்டர் கவிப்பிரியாவிடம் போகமாட்டேன். அவரும் அதே ஓட்டையைத்தான் காட்டுவார். இவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டுவார். என்னால் அது முடியாது. வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். ஒரு கிளினிக்கில் விசாரித்துவிட்டேன். இருபது வாரம் தாண்டினால் சுலபமில்லையாம், அதற்கு முன் என்றால் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதுமாம். எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமையோடு இருபது வாரம் முடியப் போகிறது. இவரிடம் தானாகக் கலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். நம்புவார். நான் சொல்வதை எல்லாம் நம்புகிற ஆள்.

பதினோரு நாள் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் இழப்பதை உன்னிடம் பார்த்தேன். அதைத் தாங்க நான் நீ இல்லை.

போனை அணைத்து வைத்திருக்கிறேன். அம்மா என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். இனிமேல் எழுதாதே.

குழலி


திருவண்ணாமலை,
4.11.2025

குழலி, என் கண்ணு,

இதைப் படிக்காமல் வாசற்படி தாண்டாதே. உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்து ஒன்பது தடவை கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். தபாலை நம்பி இருக்க முடியாது. உன் மாமா இன்றைக்குக் கார் ஏற்ற டிரெய்லர் லாரியை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கம்தான் வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நானே வந்திருக்கலாம். உன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பாப்பாவுக்கு இருந்த அதே செட்டிங் என்று எழுதியிருந்தாய் பார், அந்த இடத்தில். 3டி படத்தில் ஒரு அளவு இருக்கிறது. எவ்வளவு மங்கலானதை வைத்துக்கொள்வது, எவ்வளவை நீக்குவது என்று. அதை ஏற்றி வைத்தால் மெல்லிய சதை இருக்கிற இடமெல்லாம் மறைந்து ஓட்டையாகத் தெரியும். டாக்டரம்மா அந்தப் பட்டனைத் திருப்பித் திருப்பி எனக்கே காட்டியிருக்கிறார். "செங்கமலம், பாரு, கன்னம் போச்சு. இப்ப பாரு, வந்துடுச்சு." உங்கள் பொம்மை கெட்டி ரப்பர். அதற்குத் தகுந்தபடி ஏற்றி வைத்திருப்பார்கள். பதினாறு வாரக் குழந்தையின் கன்னம் அந்த அளவுக்கு எங்கே தாங்கும்? ப்ரோப் சரியாக இருந்தும் படம் தப்பாக வருவது இப்படித்தான்.

இந்த நாலு வரியை என்னால் அக்டோபர் பதினைந்தாம் தேதியே எழுதியிருக்க முடியும். பேனாவைக் கையில் எடுத்தேன், வராந்தா ஞாபகம் வந்தது, எழுதவில்லை. கொஞ்ச நாள் பயந்து பார்க்கட்டும், தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இவளுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது கடிதத்திலும் வாய் வரை வந்ததை விழுங்கினேன். டாக்டர் இல்லை, பாவம் வேண்டாம் என்று எழுதியதெல்லாம் சாக்கு. நீ இந்த அளவுக்குப் போவாய் என்று நினைக்கவில்லை. என் கோபத்துக்கு உன் பிள்ளையைப் பலி கொடுக்க இருந்தேன்.

நான் சொல்வது நிச்சயம் என்று சத்தியம் செய்ய முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் சில சமயம் இருட்டில் நிஜமாகவே ஏதாவது இருக்கும். அதைத்தான் கவிப்பிரியா பார்த்துச் சொல்வார். வியாழக்கிழமை பத்து மணிக்கு உன் பேரில் நேரம் வாங்கிவிட்டேன். அந்தக் கிளினிக்குக்குப் போகாதே. அங்கே போகவேண்டி வந்தால்கூட இதற்கு அப்புறம் போ. உன் காலில் விழுகிறேன்.

அக்கா


மண்ணூர்,
8.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ முப்பது தடவை கூப்பிட்டிருக்கிறாய், பார்த்தேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறோம் என்று ஒரு வரி அனுப்பினேன் அல்லவா? அதற்குமேல் போனில் சொல்ல வரவில்லை. உனக்கு ஒரு படமும் அனுப்ப வேண்டும். மாமா நாளைக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

மாமா உன் கடிதத்தை என் கையில் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் ஷிப்ட்டுக்குக் கிளம்பின பிறகு வந்திருக்கிறார். இவர் இருந்தார், இவர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போய்விட்டார். கவரின்மேல் அவசரம் என்று நீ கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததால் இவர் பிரித்துவிட்டார். நான் வீடு திரும்பியபோது கட்டிலில் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். "ஒரு மாசமா ஒண்டியாவா இத்த வச்சிக்கினு இருந்த? பக்கத்துலயே தானேடி படுத்துகினு இருந்தேன்?" என்றார். அப்புறம் அந்தக் கிளினிக் எது என்று கேட்டார். சொன்னேன். எழுந்து வெளியே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்து, "வியாழக்கெழம நானும் வரேன். காஞ்சிபுரம்தான் போறோம்" என்றார்.

டாக்டர் கவிப்பிரியா ப்ரோப்பை வைத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார் ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் கையில் தினம் நாற்பது தடவை கேட்கிற அதே சத்தம். முதலில் இதயம் பார்த்தார். எனக்காக நீ சொல்லி வைத்தாயா தெரியவில்லை, இரண்டு தடவை பார்த்தார். நாலு அறையும் சரி. முதுகுத்தண்டு சரி. கை கால் சரி. அப்புறம் உதட்டைப் பாருங்கள் என்று நானே கேட்டேன். "ஏன் உதட்டைச் சொல்றீங்க? யாராவது பார்த்து ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். கனவு கண்டேன் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவில்லை.

அக்கா, நீ சொன்னது பாதி சரி, பாதி தப்பு. கன்னத்தில் ஓட்டை இல்லை. கன்னம் முழுசாக இருக்கிறது, உப்பலாக இருக்கிறது. கண்ணுக்குக் கீழே இருந்ததெல்லாம் அந்த செட்டிங் தின்றதுதான். ஆனால் இடது பக்கம் மேலுதட்டில் ஒரு பிளவு இருக்கிறது. அது நிஜம். டாக்டர் பக்கவாட்டில், கீழிருந்து என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு மட்டும்தான், மேல் அண்ணம் சேர்ந்திருக்கிற மாதிரிதான் தெரிகிறது, பிறந்த பிறகு விரலை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார். பால் குடிக்கப் பழக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் ஆபரேஷன் செய்துவிடலாமாம். ஆபரேஷன் செய்யும் டாக்டரைப் பிரசவத்துக்கு முன்பே பார்த்துப் பேசிவிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் என்ன பயந்தேனோ அதில் கால்வாசி. ஆனாலும் கால்வாசி பயமும் பயம்தான், நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. மறைத்து வைத்து மூன்று வருஷம் கழித்து எடுத்து நீட்ட மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமா இரண்டு நாள் தாமதமாக வந்திருந்தால் நான் வியாழக்கிழமை அந்தக் கிளினிக்குக்குத்தான் போயிருப்பேன். அதே சமயம், அந்த வராந்தாவில் நான் கேட்காமல் இருந்திருந்தால் நீயும் மறைத்திருக்க மாட்டாய். இரண்டாவது ஸ்கேனைத் தள்ளிப் போட்டதை உன் மனசுக்குள்ளேயே வைத்து மூன்று வருஷம் எப்படி அக்கா இருந்தாய்? மாமாவிடம் சொல்லிவிடு. இவருக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

டெஸ்டிங்கிலிருந்து வேறு ஸ்டேஷனுக்கு மாற்றச் சொல்லி திங்கட்கிழமை சூப்பர்வைசரைக் கேட்கப் போகிறேன். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

இனி அந்தப் படம். டாக்டர் பிரிண்ட் எடுத்து முதலில் இவர் கையில்தான் கொடுத்தார். இந்த நிமிஷத்துக்குப் பயந்துதான் நான் ஒரு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தேன். பிளவு நன்றாகத் தெரிகிறது, தெரியாமல் போக வழியே இல்லை. இவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திரும்பி, "ஐய, மோவாக்கட்டையப் பாரேன்! அப்டியே உங்கக்கா. சொன்ன பேச்சு கேக்கவே கேக்காது போல கீது" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். நான் அந்த டேபிளிலேயே ஜெல்லைக்கூடத் துடைக்காமல் அழுதேன்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் முதலில் மோவாயைப் பார், அப்புறம் உதட்டைப் பார்.

குழலி